ஈரானியச் சாப்பாட்டுக்கடையில் எட்டுப் பேருக்கு என்ன எடுக்கலாம்? மாடு வேண்டாம், பிள்ளைக்கு வால்நட் ஆகாது

மார்க்கம்வாசி கேட்டது:

வாற சனி இரவு எட்டுப் பேரா ஈரானியச் சாப்பாட்டுக்குப் போறம். டொரோன்டோவில, யங் தெருவில ஃபிஞ்சுக்கும் ஸ்டீல்ஸுக்கும் இடையில இருக்கிற கடை. மெனுவில பாதிச் சொல் விளங்கேல்லை, அதுதான் தெரிஞ்ச ஆக்களிட்டக் கேட்கிறன்.

ரெண்டு பேர் மாடு தொடமாட்டினம். ஒராள் முழுச் சைவம், முட்டையும் இல்லை. பால், தயிர் பரவாயில்லை. ஏழு வயசுப் பிள்ளைக்கு வால்நட்டும் பிஸ்தாவும் அலர்ஜி. அப்பா அம்மாவுக்கு உறைப்பு இல்லாட்டி சோறு இறங்காது.

எட்டுப் பேருக்கு எத்தனை தட்டுச் சொல்லவேணும்? கூபிதே, பர்க், சோல்தானி மூண்டும் படத்தில ஒரே மாதிரித்தான் கிடக்கு, எதுக்குக் காசு குடுக்கலாம்? சோத்தை ஏன் சில இடத்தில செலோ எண்டும் சில இடத்தில போலோ எண்டும் போட்டிருக்கினம்?

---

அடிச்சோறு எழுதியது:

தம்பி, நீங்கள் கடைசியாக் கேட்ட சோத்தைத்தான் நான் முதல்ல எடுக்கிறன். ஈரானியர் ஒரு கடையைச் சோத்தை வைச்சுத்தான் மதிப்பினம். கபாப் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் மன்னிப்பினம், சோறு குழைஞ்சால் மறுமுறை அந்தப் பக்கம் போகமாட்டினம்.

செலோ எண்டால் வெறும் வெள்ளைச் சோறு. போலோ எண்டால் எதையாவது சேர்த்து அடுக்கித் தம் போட்டது. ரெண்டுக்கும் வேலை ஒண்டுதான். அரிசியை உப்புத்தண்ணியில ஒரு மணித்தியாலமாவது ஊறவைச்சு, பெரிய சட்டியில உப்புத்தண்ணி தளதளத்துக் கொதிக்கேக்க போட்டு, 5 முதல் 8 நிமிசத்துக்குள்ள வடிச்சுப்போடுவினம். அந்த நேரம் ஒரு சோத்தை நசுக்கிப் பார்த்தால் வெளிப்பக்கம் மெத்தெண்டும் நடுவில கொஞ்சம் வேகாமலும் இருக்கும். வடிச்சதைத் திரும்ப எண்ணெய் விட்ட சட்டியில கூம்பாக் குவிச்சு, அகப்பைக்காம்பால நாலைஞ்சு துளை போட்டு, மூடியைத் துணியால சுத்தி மூடுவினம். முதல் 10 நிமிசம் நடுத்தர நெருப்பு, அதுக்குப் பிறகு 40 நிமிசத்துக்கு மேல சிறு நெருப்பு. துணி எதுக்கெண்டால், மூடியில பட்ட ஆவி தண்ணியாத் திரும்பிச் சொட்டக்கூடாது. சொட்டினால் மேல் சோறு களியாயிடும்.

சட்டியின்ர அடியில பொன்னிறமாப் பிடிச்சு வாறதுதான் தஹ்திக். 'தஹ்' எண்டால் அடி, 'திக்' எண்டால் சட்டி. எங்கட வீட்டில சோறு அடிப்பிடிச்சால் பேச்சு விழும். அங்க அந்த அடிச்சோத்துக்குத்தான் சண்டை. வெறும் சோத்தில செய்ததும் இருக்கு, அடியில லவாஷ் ரொட்டி பரப்பினதும் இருக்கு, உருளைக்கிழங்கை வட்டமா வெட்டி அடுக்கினதும் இருக்கு. கடைகளில இதை முன்சாப்பாடா, மேல ஒரு குழம்பை ஊத்திக் கொண்டுவருவினம். இங்க ஒண்டு சொல்லுங்கோ: "குழம்பைத் தனிக் கிண்ணத்தில தாங்கோ." மேல ஊத்தினால் அஞ்சு நிமிசத்தில ஊறிப்போய், காசு குடுத்த மொறுமொறுப்பு காணாமல் போயிடும். இன்னொண்டு, ஒரு சட்டிக்கு ஒரு அடிதானே இருக்கு. சனி இரவில பிந்திப் போனால் "முடிஞ்சுது" எண்டு சொல்லிப்போடுவினம். மேசை பதியேக்கயே ரெண்டு தஹ்திக் எடுத்துவைக்கச் சொல்லுங்கோ.

சோறு நல்லதோ எண்டு பார்க்கிறது லேசு. கரண்டியால தட்டில கொட்டினால் ஒண்டோடொண்டு ஒட்டாமல் உதிரவேணும், ஆனால் விறைச்சும் இருக்கக்கூடாது. மேல ஒரு கரண்டி மஞ்சள் சோறு தூவியிருப்பினம், அது குங்குமப்பூத் தண்ணியில பிரட்டினது. முழுத் தட்டும் ஒரே மஞ்சளா, வாசம் ஒண்டும் இல்லாமல் வந்தால் அது குங்குமப்பூ இல்லை.

அளவு: ஒரு கபாப் தட்டில பொதுவா ரெண்டு கம்பி கூபிதேயும் ஒரு மலைச் சோறும் வரும். நாலு பேருக்கு மூண்டு தட்டு எண்டு கணக்குப் போடுங்கோ. எட்டுப் பேருக்கு ஆறு. ஆளுக்கொரு தட்டு எடுத்தால் பாதி பெட்டியிலதான் வீட்டுக்கு வரும்.

சாப்பிடுற முறையும் முக்கியம். தட்டு வந்த உடனே, சோறு ஆவி பறக்கேக்க, பட்டர்த் துண்டைச் சோத்துக்குள்ள புதைச்சுவிடுங்கோ. மேல வைச்சுப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆறிப்போய் உருகாது. பக்கத்தில ஒரு சுட்ட தக்காளி இருக்கும், அது அலங்காரம் இல்லை. தோலைக் கரண்டியால உரிச்சு, சாறோட சோத்துக்குள்ள நசுக்கவேணும். மேசையில உப்பு, மிளகுக்குப் பக்கத்தில கத்திரிப்பூ நிறத்தில ஒரு தூள் இருக்கும், அது சோமாக், புளிப்பு. அதைச் சோத்துக்கும் இறைச்சிக்கும் நல்லாத் தூவுங்கோ. வலக்கையில கரண்டி, இடக்கையில முள்ளு. கத்தி கேட்கவேண்டாம், கூபிதே கரண்டி விளிம்பாலயே வெட்டுப்படும். வெட்டுப்படாட்டி அது கடையின்ர பிழை.

கபாபுக்கு அடியில லவாஷ் விரிச்சு வந்தால் அதை விட்டுடாதேங்கோ. இறைச்சிச் சாறு முழுக்க அதுக்குள்ளதான் இருக்கு.

---

கரியடுப்பு எழுதியது:

கபாப் பற்றி நான் சொல்கிறேன்.

கூபிதே கொத்துக்கறி. மாடு, ஆடு, அல்லது இரண்டும் கலந்தது. நல்ல கூபிதேயில் இறைச்சி, துருவிய வெங்காயம், உப்பு, மிளகு, இவ்வளவுதான். முட்டையோ ரொட்டித்தூளோ போட்டுக் கட்டுவது குறுக்குவழி. ஒரு கிலோவுக்கு 250 கிராம் வெங்காயம் வரை துருவி, சாற்றை ஒட்டப் பிழிந்துவிட்டுச் சக்கையை மட்டும் சேர்ப்பார்கள். கொழுப்பு 20 சதவீதமாவது வேண்டும். கையில் ஒட்டும் பதம் வரும்வரை பிசைந்து, குளிரவைத்து, இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டைக் கம்பியில் அழுத்தி, விரலால் வரிவரியாகப் பள்ளம் போடுவார்கள். அடுப்பில் வலை கிடையாது. கம்பியின் இரு முனையும் விளிம்பில் தாங்கி நிற்க, இறைச்சி நேராகக் கங்குக்கு மேல் தொங்கும். வைத்த முதல் நிமிடத்திலேயே இரண்டு மூன்று தடவை திருப்பிவிட வேண்டும். ஒரு பக்கத்தையே வேகவிட்டால் மறுபக்கம் கனம் தாங்காமல் கழன்று கரியில் விழும்.

தட்டுக்கு வந்ததைப் பார்த்தே என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம். உதிரி உதிரியாக உடைந்தால் பிசைந்தது போதவில்லை. ரப்பர் பந்து மாதிரி துள்ளினால் சோடா உப்பு போட்டிருக்கிறார்கள். வறண்டு கிடந்தால் கொழுப்பு குறைவு, அல்லது கங்கு தணிந்த பிறகு நெடுநேரம் வாட்டியிருக்கிறார்கள். பலரும் நினைப்பதற்கு மாறாக, கபாபைக் காயவைப்பது பெரிய நெருப்பு அல்ல, மந்தமான நெருப்பு.

பர்க் என்றால் இலை. எலும்பில்லாத மெல்லிய இறைச்சியைத் தட்டி, வெங்காயச் சாறு, எண்ணெய், குங்குமப்பூவில் ஊறவைத்துச் சுடுவது. மெலிசாக இருப்பதால் ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும். தட்டில் இரண்டு வகை இருந்தால் பர்கை முதலில் சாப்பிடுங்கள். சோல்தானி தனிவகை இல்லை, ஒரு பர்க்கும் ஒரு கூபிதேயும் ஒரே தட்டில். முதல் தடவை போகிறவர்களுக்கு இரண்டையும் ருசி பார்க்க அது தோது. ஆனால் கனடாவில் பர்க் பெரும்பாலும் மாட்டின் டெண்டர்லாயின்தான், உங்கள் மேசைக்கு ஒத்துவராது.

ஜூஜே கோழி. குங்குமப்பூ, எலுமிச்சைச் சாறு, வெங்காயம். நெஞ்சுக்கறி மட்டும் போட்ட ஜூஜே பாதி நேரம் காய்ந்துதான் வரும். தொடைக்கறி இருக்கிறதா என்று கேளுங்கள், 'ரான்' என்றால் புரியும். எலும்போடு வரும் ஜூஜே இன்னும் நல்லது, 20 நிமிடம் கூடப் பிடிக்கும். எலுமிச்சையில் அளவுக்கு மேல் ஊறிய கோழி வெளிப்பக்கம் மாவு மாதிரி இருக்கும். கடித்தால் தெரிந்துவிடும்.

பணம் கொடுக்கலாம் என்று நான் சொல்வது ஷிஷ்லிக். ஆட்டு விலா எலும்புத் துண்டு, மஷ்ஹத் பக்கத்து ஷாண்டீஸ் ஊர் இதற்குப் பேர் போனது. மெனுவிலேயே விலை கூடினதாக இருக்கும். மேசைக்கு ஒரு தட்டு எடுத்து, இறைச்சி சாப்பிடுகிறவர்கள் பிரித்துக்கொள்ளுங்கள்.

---

கேட்டுவாங்கு எழுதியது:

மேலே உள்ளது எல்லாம் ருசி. அதற்கு முன்னால் பார்க்கவேண்டியது பிள்ளையின் அலர்ஜி. ஈரானியச் சமையலில் வால்நட் பெயரைச் சொல்லிக்கொண்டு வராது, பல இடத்தில் ஒளிந்திருக்கும்.

ஃபெசென்ஜான் எல்லோருக்கும் தெரியும்: அரைத்த வால்நட்டும் மாதுளம்பாகும் சேர்ந்த குழம்பு, வால்நட்டில் இருந்து எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை மணிக்கணக்கில் கொதிக்கும். அருமையான குழம்புதான், ஆனால் உங்கள் மேசைக்கே வரவேண்டாம். எட்டுப் பேர் பகிர்ந்து சாப்பிடும்போது கரண்டி மாறும். கஷ்க்-எ-பாதெம்ஜான் என்ற கத்தரிக்காய் மசியலின் மேல் வால்நட் தூவுவார்கள். மாஸ்த்-ஓ-கியார், அதாவது வெள்ளரித் தயிர், அதற்குள்ளும் சில கடைகளில் வால்நட்டும் திராட்சையும் இருக்கும். ஸெய்தூன் பர்வர்தே என்று ஒலிவ் ஊறுகாய் ஒன்று வரும், அதன் மசாலாவே வால்நட். கூகூ சப்ஸி என்ற கீரை முட்டை அடையிலும் போடுவார்கள். ரொம்பப் பேர் தவறவிடுவது கபாப் தொர்ஷ்: கீலான் பகுதிக் கபாப், வால்நட்டும் மாதுளையும் அரைத்த விழுதில் ஊறியது. அது மெனுவில் இருந்தால் பிள்ளையின் ஜூஜேயும் அதே கரியடுப்பில்தான் வேகும் என்று வைத்துக்கொண்டு பேசுங்கள். பிஸ்தா, பாதாம் சீவல் செரெஷ்க் போலோ மேலும் ஷிரீன் போலோ மேலும் வரும். இனிப்பில் பஸ்தனி ஐஸ்கிரீமில் பிஸ்தா, ஷோலே ஸர்த் மேல் பாதாம். ஃபாலூதே என்ற உறைந்த சேமியா இனிப்பு மட்டும் பெரும்பாலும் நட்ஸ் இல்லாதது. ஆனாலும் பஸ்தனி அள்ளிய கரண்டியால் அதை அள்ளவேண்டாம் என்று சொல்லவேண்டும்.

பரிமாறுபவரிடம் "நட்ஸ் இருக்கா" என்று பொதுவாகக் கேட்டால் "இல்லை" என்று வரலாம், மேலே தூவுவதை அவர் கணக்கில் எடுக்காமல் இருக்கலாம். பெயர் சொல்லிக் கேளுங்கள். கெர்து என்றால் வால்நட், பெஸ்தே என்றால் பிஸ்தா. மேசை பதியும்போது ஒரு தடவை, உட்கார்ந்ததும் ஒரு தடவை. எப்பிபென் என்ற அலர்ஜி ஊசி கைப்பையில் இருக்கட்டும், காரில் அல்ல.

மாடு: காவ் என்றால் மாடு, கூஸ்ஃபந்த் என்றால் ஆடு. கூபிதே, பர்க், சோல்தானி, பக்தியாரி (பர்க்கும் ஜூஜேயும் சேர்ந்த கபாப்), கோர்மே சப்ஸி என்ற கீரைக் குழம்பு, கெய்மே என்ற பருப்புக் குழம்பு, இவ்வளவும் கேட்டுத்தான் எடுக்கவேண்டும். குழம்புகளில் இங்கே பெரும்பாலும் மாடு. சந்தேகமில்லாதவை ஜூஜே, பாகாலி போலோவோடு வரும் மாஹிச்சே என்ற ஆட்டுக் காலெலும்புக் கறி, ஷிஷ்லிக். கோழிக் கூபிதே செய்யும் கடைகளும் உண்டு.

சைவம்: இதுதான் உண்மையில் கஷ்டம். "இறைச்சி இல்லாமல் கோர்மே சப்ஸி" என்று கேட்டால் பல கடைகள் அதே சட்டியில் இருந்து இறைச்சித் துண்டை விலக்கிவிட்டு ஊற்றும். "தனியாகச் சமைத்ததா?" என்று கேளுங்கள். மிர்ஸா காசெமி பார்க்கச் சுட்ட கத்தரிக்காய்ச் சம்பல் மாதிரி இருக்கும், உள்ளே முட்டை. கூகூவும், தஹ்சீன் என்ற அடுக்குச் சோறும் முட்டை. சில கடைகளில் தஹ்திக்கின் அடி மாவிலேயே தயிரோடு முட்டை மஞ்சள் அடித்துச் சேர்ப்பார்கள், அதையும் கேளுங்கள். கஷ்க்-எ-பாதெம்ஜான் சரி, ஆனால் ஹலீம் பாதெம்ஜான் என்று எழுதியிருந்தால் அதில் ஆடு மசித்திருக்கும், இரண்டையும் குழப்பவேண்டாம். ஆஷ் ரெஷ்தே நல்ல தெரிவு: நூடுல்ஸ், கடலை, அவரை விதை, கீரை, மேலே புதினாவும் கஷ்க் என்ற புளித்த தயிர் விழுதும். வெந்த தண்ணீர் இறைச்சி வடித்தது இல்லையே என்று மட்டும் உறுதிப்படுத்துங்கள். பார்லி சூப் வேண்டாம், அது கோழிச்சாறுதான். இதற்கெல்லாம் மேல், கோழி இல்லாமல் செரெஷ்க் போலோ ஒரு தட்டு. சிவந்த புளிப்புப் பழம் தூவிய சோறு, சைவக்காரருக்கு அது ஒரு முழுச் சாப்பாடு. பிஸ்தாச் சீவல் வேண்டாம் என்று சேர்த்துச் சொன்னால் பிள்ளையும் அதிலேயே சாப்பிடலாம்.

ஒரு துணைக்குறிப்பு: பாகாலி போலோவில் உள்ளது பாக்லா அவரை. ஜி6பிடி என்ற பரம்பரை நொதிக் குறைபாடு உள்ளவர் யாராவது வந்தால் அவருக்கு அந்தச் சோறு கூடவே கூடாது.

---

மார்க்கம்வாசி எழுதியது:

பெரிய உதவி. ஷாண்டீஸ் கதை நல்லா இருக்கு, ஷிஷ்லிக் ஒண்டு கட்டாயம். அப்பா அம்மாவின்ர உறைப்புக்கு ஒருத்தரும் வழி சொல்லேல்லையே. மெனுவின்ர கடைசியில 'தீஸி' எண்டு ஒண்டு, கல்லுச் சட்டிப் படத்தோட இருக்கு. அது என்ன?

---

புளிக்குழம்பு எழுதியது:

உறைப்பை அங்க தேடாதேங்கோ தம்பி. தெஹ்ரான் பக்கத்துச் சமையலில மிளகாய்க்கு இடமே இல்லை. அதின்ர இடத்தில புளிப்புத்தான் நிக்குது: காய்ந்த எலுமிச்சை, மாதுளை, சோமாக், செரெஷ்க், புளிச்ச திராட்சைச் சாறு. அப்பாவுக்கு மேசையில பச்சை வெங்காயமும் தொர்ஷியும் கேட்டுவாங்கிக் குடுங்கோ. தொர்ஷி வினாகிரியில போட்ட ஊறுகாய். மாஸ்த்-ஓ-முசீர் ஒண்டும் எடுங்கோ. முசீர் மலைப்பக்கத்துச் சின்ன வெங்காயம், காயவைச்சது. அதைப் பலமுறை தண்ணி மாத்தி ஊறவைச்சுக் கைப்பு எடுத்துப்போட்டுத்தான் தயிரில போடுறது. ஒரு கரண்டி தயிர் நாக்கில காரமாத்தான் ஏறும்.

ஆனால் ஒரு விதிவிலக்கு இருக்கு. ஈரானின்ர தெற்குக் கரை, புஷெஹர், பந்தர் அப்பாஸ் பக்கம். அங்க கலியே மாஹி எண்டு ஒரு மீன் குழம்பு. புளி, கொத்தமல்லியிலை, வெந்தயக்கீரை, உள்ளி, மிளகாய். இறாலில செய்தால் கலியே மெய்கூ. தேங்காய்ப்பால் விடாத எங்கட மீன்குழம்புக்கு ஒண்டுவிட்ட சகோதரம் எண்டு சொல்லலாம். புளிக்கு அவை சொல்லுறது தம்ர்-எ-ஹிந்தி, இந்தியப் பேரீச்சம்பழம். எல்லாக் கடையிலயும் இது கிடையாது. மெனுவில இருந்தால் அம்மாவுக்கு அதுதான், வெள்ளைச் செலோவோட. இல்லாட்டி கோர்மே சப்ஸி. கீரை வதக்கி வதக்கிக் கருப்படிச்ச பச்சையில இருக்கவேணும், ஓரத்தில எண்ணெய் விட்டு நிக்கவேணும். பளிச்செண்டு பச்சையா இருந்தால் வதக்கினது காணாது, புல்லு வாசம் வரும். கைச்சால் வெந்தயக்கீரை கூடிப்போச்சு, இல்லாட்டி காய்ந்த எலுமிச்சையின்ர விதை வெடிச்சுக் கலந்துபோச்சு. கிண்ணத்தில அந்தக் கறுப்பு எலுமிச்சை முழுசா மிதக்கும். கரண்டியால மெதுவா அமத்திச் சாற்றை மட்டும் எடுங்கோ, கடிக்காதேங்கோ.

தீஸி எண்டது சட்டியின்ர பேர், சாப்பாட்டின்ர பேர் ஆப்கூஷ்த். ஆடு, கொண்டைக்கடலை, வெள்ளை அவரை, உருளைக்கிழங்கு, தக்காளி, காய்ந்த எலுமிச்சை எல்லாம் ஒரு சட்டியில மணிக்கணக்கா அவிஞ்சது. ரெண்டு தரமாச் சாப்பிடுறது. சட்டி கொதிக்கக் கொதிக்க வரும், காதைப் பிடிக்கத் துணியோ இடுக்கியோ தருவினம். முதல்ல சட்டியைச் சரிச்சு இரசத்தை மட்டும் கிண்ணத்தில வடியுங்கோ. சங்காக் ரொட்டியைச் சின்னச் சின்னதாப் பிய்ச்சு அதுக்குள்ள போட்டு, ஊறினதும் கரண்டியால சாப்பிடுறது. அது தலீத். பிறகு சட்டிக்குள்ள மிஞ்சினதை கோஷ்த்கூப் எண்ட இடிகட்டையால குத்தி மசிக்கவேணும். முதல்ல எலும்பை எடுத்துப்போடுங்கோ. கொழுப்புத் துண்டும் உருளைக்கிழங்கும் நல்லாச் சேரட்டும், கடலை முழுசா நிக்கக்கூடாது. இரசத்தை ஒட்ட வடிக்காமல் இடிச்சால் கூழாப் போயிடும், பிழைக்கிற இடம் அதுதான். மசிச்சதை ரொட்டியில வைச்சு, பச்சை வெங்காயம், தொர்ஷியோட சாப்பிடுறது. ஒரு சட்டி ரெண்டு பேருக்குக் காணும்.

சங்காக் கூழாங்கல்லில சுடுற ரொட்டி. பின்பக்கம் ஒருக்கா தடவிப்பாருங்கோ, எப்பவாவது ஒரு கல்லு ஒட்டிக்கொண்டு வரும்.

---

கரியடுப்பு எழுதியது:

தீஸி நல்லதுதான், ஆனால் சனி இரவு எட்டுப் பேர் மேசையில் வேண்டாம் என்பேன். அது மதியச் சாப்பாடு. இரவுவரை கொதித்துக்கொண்டே கிடந்தால் இரசம் வற்றி உப்பு ஏறியிருக்கும். இடிக்க, வடிக்க இடமும் நேரமும் வேண்டும், அதற்குள் பக்கத்துத் தட்டில் கபாப் ஆறிவிடும். ஒரு ஞாயிறு மதியம் இரண்டு பேர் தனியாகப் போய்ச் சாப்பிடவேண்டியது அது.

---

அடிச்சோறு எழுதியது:

தீஸிக்கு நானும் கரியடுப்பு பக்கம்தான். சரி, உங்கட மேசைக்கு நான் போடுற கணக்கு.

இருந்த உடனே: தஹ்திக் ரெண்டு, ஒண்டுக்கு ஆட்டில செய்த குழம்பு பக்கத்துக் கிண்ணத்தில, மற்றது வெறுமையா. கஷ்க்-எ-பாதெம்ஜான் ஒண்டு, மேல வால்நட் தூவாமல். ஆஷ் ரெஷ்தே பெரிய கிண்ணம் ஒண்டு. சாலட் ஷிராஸி ரெண்டு, மாஸ்த்-ஓ-முசீர் ஒண்டு, தொர்ஷி ஒண்டு. சப்ஸி கோர்தன் எண்டு பச்சை இலைத் தட்டு, துளசி மாதிரி ரெய்ஹான், தர்ஹூன், புதினா, முள்ளங்கியோட வரும். சில கடையில அதை ரொட்டியோட இனாமாத் தருவினம். அதில வால்நட் வைச்சிருந்தால் திருப்பி அனுப்பிப் புதுசு கேளுங்கோ, எடுத்துப்போட்டுத் தாறதை ஏற்கவேண்டாம்.

ரொட்டியில கை வைச்சு நிரப்பிப்போடாதேங்கோ. முதல் 15 நிமிசம் எல்லாரும் விடுற பிழை அது.

பிறகு: எலும்போட ஜூஜே ரெண்டு, ஆட்டிறைச்சி எண்டு உறுதிசொன்னால் கூபிதே ஒண்டு, இல்லாட்டி கோழிக் கூபிதே. பாகாலி போலோ மாஹிச்சேயோட ஒண்டு. ஷிஷ்லிக் ஒண்டு. கலியே மாஹியோ கோர்மே சப்ஸியோ ஒண்டு. இதோட ஆறு. அதுக்கு மேல சைவக்காரருக்கும் பிள்ளைக்குமா செரெஷ்க் போலோ ஒண்டு, கோழி தனிக் கிண்ணத்தில. ஜூஜேத் தட்டு ஒண்டின்ர வெள்ளைச் சோத்தைக் கொஞ்சம் கூடக் காசு குடுத்து செரெஷ்க் போலோவா மாத்தலாம், பெரும்பாலான கடைகள் செய்யும். செரெஷ்க் பளபளவெண்டு சிவப்பா இருக்கவேணும். அதை வெண்ணெயில ஒரு நிமிசத்துக்குள்ள பிரட்டி எடுக்கவேணும், பிந்தினால் கறுத்துக் கைக்கும். கறுத்து வந்தால் சொல்லி மாத்துங்கோ.

குடிக்க தூக் ஒரு பெரிய குடுவை. மோர்தான், புதினா போட்டது, சில கடையில சோடா மாதிரிப் பொங்கும். உப்புக் கூட. பிள்ளைக்குப் பிடிக்காமல் போகலாம்.

கடைசியா ஃபாலூதே. எங்கட ஃபலூடாவை நினைச்சு எடுக்காதேங்கோ, பால் இல்லை. மாவில செய்த நூல் மாதிரி மெல்லிய சேமியா, பன்னீர்ப் பாகில பாதி உறைஞ்சு, மேல எலுமிச்சைச் சாறு. தேத்தண்ணி கறுப்பாத்தான் வரும். சீனிக்கட்டியைப் பல்லில கடிச்சுக்கொண்டு குடிக்கிறது அவையின்ர முறை. குச்சியில கோத்த மஞ்சள் கற்கண்டு தந்தால் அது நபாத், குங்குமப்பூ போட்டது, கோப்பைக்குள்ள விட்டுக் கலக்குங்கோ.

பில்லில 13 சதவீத வரி வரும். எட்டுப் பேர் எண்டால் பல கடைகள் சேவைக் கட்டணத்தைத் தாங்களே சேர்த்துப்போடும், காட் மெசினில திரும்ப ஒருக்கா டிப்ஸ் அமத்துறதுக்கு முதல் பில்லை வாசியுங்கோ. காசு குடுக்கப்போகேக்க "காபெல் நதாரே" எண்டு ஒராள் சிரிச்சுக்கொண்டு சொன்னால், "உங்களுக்கு முன்னால இது ஒரு பொருட்டே இல்லை" எண்ட மரியாதைச் சொல். இனாம் எண்டு நினைச்சு வெளிக்கிட்டுடாதேங்கோ. மூண்டாம் முறை கார்டை நீட்டினால் வாங்குவினம்.

ஸ்காபரோவில இருந்து பஸ்ஸில வாறவை 39 ஃபிஞ்ச் கிழக்கு எடுத்தால் ஃபிஞ்ச் ஸ்டேசனில இறக்கும், அங்கயிருந்து யங் தெருவால வடக்குப் பக்கம். நவ்ரூஸ் எண்ட ஈரானியப் புத்தாண்டு நேரம், மார்ச் 20ஐச் சுத்தின கிழமை எண்டால் பதியாமல் போகவேண்டாம்.

மிஞ்சின சோத்தைப் பெட்டியில கொண்டுபோகலாம். அடுத்தநாள் ரெண்டு கரண்டி தண்ணி தெளிச்சு மூடிச் சூடாக்கினால் திரும்ப உதிரும். தஹ்திக்கை மட்டும் பெட்டியில போடாதேங்கோ, ஆவியில ஊறித் தோல் மாதிரி இழுபடும். அதை மேசையிலயே முடிச்சுப்போடுங்கோ.